மருதாயி கழுத்தில் கட்டிய நெறி

நான் வேலை பார்த்த ஆய்வுகூடத்தில் இப்போது இருக்கிற ஒரு பிள்ளை போன மாதம் கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். யாருடைய கழுத்திலோ கட்டிய நெறியிலிருந்து, அதாவது நிணநீர்க் கட்டியிலிருந்து, வெட்டிய துண்டு, நுணுக்குக்காட்டி வழியாக எடுத்தது. கீழே இரண்டு வரி: "சேர், நெறிக்குள் அமிலொய்ட். மிக மிக அரிது என்று புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். உங்கள் காலத்தில் ஒன்றாவது வந்ததா?"

வந்தது, பிள்ளை. வந்ததை நாங்கள் என்ன பாடு படுத்தினோம் என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். "ஓம், ஒன்று வந்தது" என்று பதில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அந்த 'மிக மிக அரிது' என்னை இருக்க விடவில்லை. ஒரு நோயை யாரும் தேடாவிட்டால் அது அரிதாகத்தான் இருக்கும். தேடாதவனே புத்தகத்தில் அரிது என்று எழுதிவைத்தால் அடுத்தவனும் தேட மாட்டான். இதைச் சொன்னால் கிழவனுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை என்பார்கள். ஆறவில்லைதான்.

நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்தவன். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து பறித்தாள். சோதனை பாஸாகி, கொழும்பில் ஆய்வுகூடப் பயிற்சி முடித்து, முதல் ஒரு வருடம் போத்தல் கழுவி, பிறகு மலைநாட்டு அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வந்து சேர்ந்தேன். படித்த கதை எல்லாருக்கும் ஒன்றுதான், அதை விடுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயரையும் விடுகிறேன்.

என் வேலை சதைத் துண்டுகளோடு. அறுவைச் சிகிச்சையில் எடுத்த துண்டு போமலின் ஊற்றிய போத்தலில் வரும். துண்டிலுள்ள நீரை எடுத்து, மெழுகில் புதைத்து, கட்டியாக்கி, இயந்திரக் கத்தியில் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்திச் சாயம் போட வேண்டும். வெங்காயச் சருகை அதன் பக்கத்தில் வைத்தால் சருகு கம்பளிப் போர்வை மாதிரித் தெரியும், அவ்வளவு மெல்லிசு. தை மாதக் குளிரில் மெழுகு நொறுங்கும். கட்டி மேல் வாயால் ஊதி ஊதிச் சூடாக்கித்தான் வெட்டுவேன். என் மூச்சுப் படாத ரிப்போர்ட் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து போனதில்லை என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

தகட்டைப் பார்த்து நோயைச் சொல்வது எங்கள் பெரிய டொக்டர். யாழ்ப்பாணத்தவர், நோய்க்குறியியல் நிபுணர். கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. சட்டைக் கை மடிப்புக் கலையாமல், கத்தியில் ஒரு கீறலும் விழாமல் வேலை செய்வார். சதையைப் பிடிக்கும் விதத்தை எனக்குக் கையைப் பிடித்துச் சொல்லித் தந்தவரே அவர்தான். ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. தகட்டை நுணுக்குக்காட்டியில் வைப்பதற்கு முன், போத்தலோடு வந்த படிவத்தை வாசிப்பார். பெயர், வயது, விலாசம். விலாசத்தில் தோட்டத்தின் பெயர் இருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

"தோட்டமோ? கழுத்திலை நெறியோ? பிறகென்ன காணும், ரீபீதான்," என்பார். பிறகுதான் குனிந்து பார்ப்பார்.

பத்துக்கு ஏழு தடவை அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். அதுதான் வினையே. லயத்தின் பத்தடி அறை, ஒரே காம்பராவில் எட்டுப் பேர் படுத்தால் காசம் பரவாமல் என்ன செய்யும்? ஏழு தடவை சரியாகச் சொல்கிறவர் மற்ற மூன்று பேரைப் பார்ப்பதேயில்லை. பார்க்கச் சொல்லும் தைரியம் எனக்கும் இருக்கவில்லை.

மருதாயியின் முதல் போத்தல் வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். நாற்பத்தாறு வயது, கொழுந்துத் தொழிலாளி, கழுத்தின் இரண்டு பக்கமும் நெறி. தோட்ட டிஸ்பென்சரியில் முதலில் 'கூடைக் கயிறு இழுத்த வீக்கம்' என்று சொல்லி எண்ணெய் தடவச் சொல்லியிருக்கிறார்கள். கொழுந்துக் கூடையின் கயிறு தலையில்தான் மாட்டியிருக்கும், கழுத்துக்கு அந்தப் பாரம் இறங்கும். ஆகவே கழுத்தில் எது வந்தாலும் கயிறு. அது கயிறில்லை என்று ஆனதும், காசம். நடுவில் வேறொன்றும் கிடையாது.

நான் வெட்டிச் சாயம் போட்ட தகட்டில் இளஞ்சிவப்பாக, உருவமில்லாத ஏதோ ஒன்று பரவிக் கிடந்தது. ஓரத்தில் ஒன்றிரண்டு பெரிய உயிர்க்கலங்கள். பெரிய டொக்டர் படிவத்தைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். "காசநோய்க்கு ஒத்துப்போகிறது" என்று எழுதினார். காசக் கிருமிக்கான தனிச் சாயத்தில் ஒரு கிருமியும் தெரியவில்லை என்று சொன்னேன். "கிருமி தெரியேல்லை எண்டால் நோய் இல்லை எண்டு அர்த்தமில்லை," என்றார். அதுவும் பொய்யில்லை. மருதாயிக்குக் காச மாத்திரை தொடங்கினார்கள்.

நாலு மாதம் கழித்து இரண்டாவது போத்தல் வந்தது. அந்தக் காலத்தில் சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து போத்தலை நோயாளியின் ஆட்களே தூக்கி வருவார்கள். ஆய்வுகூட ஜன்னலில் போத்தலை நீட்டியவர் மருதாயியின் அண்ணன் ராமையா. பின்னால் இருந்த வாங்குப் பலகையில், கழுத்தில் கட்டோடு மருதாயி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கண்களைச் சுற்றியும் நாவற்பழம் பூசினாற்போல் கறுத்திருந்தது.

"இது என்னங்க கண்ணு?" என்று கேட்டுவிட்டேன்.

"கேளுங்கய்யா, நல்லாக் கேளுங்க," என்று ராமையா கத்தினார். "கட்டுனவன் குடுத்த சீருங்க. சீக்காளின்னு கூடப் பாக்காம அடிச்சிருக்கான். பொலிசுல புடிச்சுக் குடுத்தோம், ரெண்டு வாரம் உள்ள இருந்தான். இப்ப லயத்துப் பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாதுன்னு தோட்டத்துத் தலைவரு சொல்லிப்புட்டாரு. கோயில் மடத்துல கெடக்கான்."

மருதாயி எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். "இல்லீங்கய்யா," என்றாள். நாக்குத் தடித்து, வார்த்தை குழறியது. "அவரு கைய வைக்கலீங்க. குனிஞ்சு கூடையத் தூக்குனா இப்பிடி ஆவுதுங்க. இருமினாலும் கறுத்துப் போவுதுங்க. வலியே இல்லீங்க."

"பாத்தீங்களா?" என்றார் ராமையா. "அவனுக்காகப் பொய் சொல்றா. ரெண்டு பேருந்தான் குடிக்கிறாங்கன்னு கணக்கப்புள்ள சொல்றாரு. பேச்சு எப்பிடி வருதுன்னு நீங்களே கேட்டீங்கல்ல."

"நான் வாயில வச்சதே இல்லீங்க," என்றாள் அவள்.

நான் என்ன செய்தேன்? சொல்லத்தானே வேண்டும். அவளைப் பார்த்துத் தலையாட்டினேன். 'பாவம், நீயும் எத்தனை நாளைக்குத்தான் மறைப்பாய்' என்கிற தலையாட்டு. என் அப்பா சம்பள நாளில் குடித்துவிட்டு வந்து அம்மாவை அடித்தவர். அம்மாவும் மறுநாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகத்தான் சொல்வாள். அடிபட்ட கண் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ற எண்ணம். அடிபட்ட கண் வீங்கும், வெள்ளைவிழி சிவக்கும், வலிக்கும். மருதாயிக்கு இமை இரண்டும் வீக்கமில்லாமல் கறுத்திருந்தன. அதை என் கண் பார்த்தது. மூளைதான் ஏற்கெனவே தீர்ப்பு எழுதி முடித்திருந்தது. பெரிய டொக்டர் படிவத்தை வாசித்தார் என்று குறை சொன்னேனே, நான் மட்டும் என்னவாம்?

மறுநாள் பெரிய டொக்டர் அந்த நெறியை வெட்டினார், நான் பக்கத்தில் நின்று குறிப்பெழுதினேன். காச நெறியை வெட்டினால் உள்ளே கட்டித் தயிர் மாதிரி உதிரும். இது உதிரவில்லை. கத்தி மெழுகுதிரியில் இறங்குவதுபோல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. வெட்டிய முகம் பளபளத்தது. "தயிர்போல், எண்டு எழுதும்," என்றார் அவர், துண்டைச் சரியாகப் பார்க்காமலே. எழுதினேன். 

இரண்டு நாளில் தகடு ஆயத்தமானது. அவரிடம் கொடுப்பதற்கு முன் நான் பார்த்தேன். எங்களுக்கு அது வேலையில்லை, சாயம் சரியா என்று மட்டும் பார்த்தால் போதும். அதே இளஞ்சிவப்பு, முன்னையதை விட அதிகம். காசத்தில் செத்த இடம் தூள்தூளாக, கலங்களின் குப்பையோடு இருக்கும். இதில் குப்பையே இல்லை. கஞ்சி ஆறி உறைந்ததுபோல் வழவழவென்று கிடந்தது. இதை எங்கேயோ படமாகப் பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது.

மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பிரிக்காமல், அலுமாரியில் கிடந்த அட்டை கிழிந்த பாடப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். படம் கிடைத்தது. அமிலொய்ட். உடம்பு தானே செய்கிற ஒரு பழுதான புரதம், கரைந்து போகாமல் உறுப்புகளில் படிந்து இறுகிவிடுகிறது. இதயம், சிறுநீரகம், நாக்கு. எப்போதாவது நெறியாகவும் தலைகாட்டும். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்ததையும் வாசித்தேன். நாக்குத் தடிக்கும். பேச்சுக் குழறும். இரத்தக் குழாய்ச் சுவர் பழுதாவதால் கண்ணைச் சுற்றி அடிபடாமலே கன்றிக் கறுக்கும். குனியும்போதும் இருமும்போதும் கறுக்கும்.

குனியும்போதும் இருமும்போதும்! ஜன்னலில் நின்று அந்த மனுஷி சொன்ன அதே வரி. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புத் தாண்டாதவள், புத்தகத்தில் உள்ளதை ஒரு சொல் பிசகாமல் சொல்லியிருக்கிறாள். எனக்கு முன்னால் தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லியிருக்கிறாள், பொலிசில் சொல்லியிருக்கிறாள், தலைவரிடமும் அண்ணனிடமும் கிளினிக்கிலும் சொல்லியிருக்கிறாள். நாங்கள் எல்லாரும் தலையாட்டியிருக்கிறோம். 

இந்த நோய்க்கென்று ஒரு சாயம் இருக்கிறது, கொங்கோ ரெட். எங்கள் அலுமாரியின் பின்வரிசையில், லேபல் மங்கிய போத்தல் ஒன்றில் இருந்தது. நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து யாரும் தொட்டதில்லை. பெரிய டொக்டரைக் கேட்காமல் எடுத்தேன். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தடிப்பாக வெட்ட வேண்டும், மெல்லிசாக வெட்டினால் நிறம் ஏமாற்றும். உப்புக் கரைத்த மதுசாரத்தில் சாயத்தைக் கரைத்து, வடித்து, இருபது நிமிடம் ஊறவிட்டேன். சாயமே பழுதென்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாதே. பயிற்சிக்கென்று கொழும்பிலிருந்து வந்த, இந்த நோய்தான் என்று நிச்சயமான பழைய சிறுநீரகக் கட்டியொன்று இருந்தது. அதிலும் ஒரு துண்டு வெட்டிச் சேர்த்தே போட்டேன். நாலு மாதத்துக்கு முந்திய மருதாயியின் முதல் கட்டியையும் தேடியெடுத்து வெட்டினேன். மூன்று தகடும் செங்கல் நிறத்தில் வந்தன.

மூன்றையும் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

"இதென்ன?"

"கொங்கோ ரெட், சேர். மருதாயியின் நெறி."

"ஆரைக் கேட்டுப் போட்டனீர்?"

"யாரையும் கேட்கவில்லை, சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சத்தம் போடுகிறவரில்லை. கோபம் வந்தால் குரல் இறங்கும். "நீர் எப்ப டொக்டரானனீர்? உம்மடை வேலை வெட்டுறது. பாக்கிறது என்ரை வேலை. தோட்டத்திலை இருந்து வந்தபடியால் உமக்கு அந்தச் சனத்திலை ஒரு பாசம், விளங்குது. பாசத்தாலை நோய் மாறாது காணும்."

 "பாசமில்லை, சேர். முதல் தகட்டிலும் இதுதான் இருந்தது. நாலு மாதமாக அந்தப் பொம்பிளை சும்மா மாத்திரை விழுங்கியிருக்கிறா. புருஷன் அடிக்காத அடிக்கு மறியலில் அடைபட்டுக் கிடந்து வந்திருக்கிறான். பார்த்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்."

அதற்கு முன்னோ பின்னோ அவரிடம் நான் அவ்வளவு பேசியதில்லை.  அவர் இழுப்பறையைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த இரண்டு கண்ணாடி வடிகளை எடுத்தார். வெளிச்சத்தை ஒரு திசைக்கு மட்டும் விடுகிற வடிகள். ஒன்றை விளக்கின் மேல் வைத்தார், மற்றதைக் குழாயில் செருகினார். ஜன்னல் திரையை என்னை இழுக்கச் சொன்னார். வடியை மெதுவாகத் திருப்பினார். பழைய சிறுநீரகம், மருதாயியின் புது நெறி, கடைசியாக அவர் காசம் என்று கையெழுத்திட்ட முதல் நெறி.

"வந்து பாரும்," என்றார்.

செங்கல் நிறம் போய், கறுப்புக்குள்ளிருந்து பச்சை எரிந்தது. புத்தகத்தில் ஆப்பிள் பச்சை என்று போட்டிருப்பார்கள். நான் அதுவரை கண்ட ஆப்பிளெல்லாம் சிவப்பு. எனக்கு அது நுவரெலியாப் பேரிக்காயின் பச்சை. மூன்றிலும் அதே பச்சை.

அவர் அன்றே புது ரிப்போர்ட் எழுதினார். அமிலொய்டோசிஸ் என்று தெளிவாக, பிழையில்லாமல். ஆனால் பழைய ரிப்போர்ட் தவறு என்று ஒரு சொல் அதில் இல்லை. 'மேலதிக ஆய்வின்படி' என்று தொடங்கியிருந்தார். நாலு மாதம் 'மேலதிக ஆய்வு' என்கிற இரண்டு சொல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டது. கண்களைப் பற்றியும் எழுதும்படி கேட்டேன். "எனக்கு வந்தது நெறி. கண் வரேல்லை," என்றார். அவரை நான் மதித்த காலமும் உண்டு. அந்த ஒரு பதிலை மட்டும் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

கண்களைப் பற்றி எழுதியது வார்ட்டுக்குப் பொறுப்பான வைத்திய நிபுணர், சிங்களப் பெண்மணி. மருதாயியின் இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். குனிந்து எழும்பச் சொல்லி, கறுப்பு ஏறுவதை நின்று பார்த்தார். பிறகு பொலிசுக்கும் தோட்டத்துக்குமாகச் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதினார். இந்தக் கறுப்பு நோயின் அடையாளம், அடித்ததால் வந்ததல்ல, பேச்சுக் குழறலும் குடியால் வந்ததல்ல. அவ்வளவுதான். பார்த்து எழுதப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இதயம் ஏற்கெனவே தடித்துவிட்டது என்பதையும் அவரே என்னிடம் சொன்னார். நாலு மாதம் முந்தி வந்திருந்தால் என்று நான் தொடங்கினேன். "முந்தி வந்தாங்கதானே," என்றார் தன் அரைகுறைத் தமிழில்.

மருதாயி அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தாள். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், சாவோடு இதை முடிக்க எனக்கு விருப்பமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடிதத்தோடு நானே தோட்டத்துக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை. சிங்களக் கடிதத்தை லயத்தில் எல்லாருக்கும் வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும், ஜன்னலில் நின்று தலையாட்டிய கடனும் எனக்கிருந்தது. வளைந்து வளைந்து போகிற பஸ்ஸில் போய் இறங்கி, மருதாயியின் காம்பரா வாசலில் இருந்த சின்னத் திண்ணை, இஸ்தோப்பில் நின்றேன். தலைவர் வந்தார், ராமையா வந்தார், அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். மருதாயி கதவோரம் ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னேன்.

முடித்ததும் தலைவர் கடிதத்தை வாங்கி, முத்திரையைத் தடவிப் பார்த்தார். "பெரிய டொக்டரம்மாவே எழுதிப்புட்டாங்க. அப்பறம் என்னப்பா?" என்றார்.

ராமையா விறுவிறுவென்று கோயில் பக்கம் நடந்தார். திரும்பி வரும்போது மருதாயியின் புருஷன் வேலுவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். மெலிந்த மனுஷன், தாடி வளர்ந்திருந்தது. மடத்தில் படுத்த சாக்கு இன்னும் கக்கத்தில் இருந்தது.

"மச்சான், மன்னிச்சிருய்யா," என்று ராமையா அழுதார். தலைவர் வேலுவின் தோளைத் தட்டினார். "ஏதோ நடந்தது நடந்துபோச்சு வேலு, மனசுல வச்சுக்காத." பக்கத்துக் காம்பராப் பெண் தேத்தண்ணி ஊற்றி, முதல் கோப்பையை வேலுவிடம் கொடுத்தாள். ஆளுக்கு ஆள் அவனிடம் வந்து பேசினார்கள். அவனும் அழுதான். நானும் மூக்கைச் சிந்தினேன். நல்ல காரியம் செய்துவிட்டேன் என்ற நிறைவு.

மருதாயியிடம் ஒருவரும் போகவில்லை. அவள் பலகையில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். விடைபெறுவதற்காக அவளருகில் போனேன்.

"ஐயா," என்றாள். தடித்த நாக்கோடு ஒவ்வொரு சொல்லாக மெதுவாக வந்தது. "அந்தக் கடுதாசிய முழுசா வாசிச்சீங்களா?"

"முழுதாக வாசித்தேன் அம்மா."

"இதைத்தானுங்க நான் நாலு மாசமாச் சொன்னேன். நான் சொன்னா ஏன் பத்தாதுன்னு அதுல எங்கயாச்சும் போட்டிருக்காங்களா?"

கடிதம் தலைவரின் கையில் இருந்தது. நான் மறுபடி வாங்கிப் பார்க்கவில்லை. இல்லை அம்மா என்றேன்.